சின்னச் சின்ன எரிச்சல்கள்: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் ஒரு பக்கம் தேவையா?

தேவை என்றுதான் நினைக்கிறேன். 2018இல் கஜா புயல் அடித்தபோது யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று கணக்கே இல்லை. தெருவே ஒரு குடும்பமாக இருந்தது. அதே தெருவில் இப்போது வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்காக இரண்டு வீடுகள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கின்றன. பெரிய துன்பத்துக்கு உறவு தாங்கிவிடுகிறது, தினசரி எரிச்சலுக்குத் தாங்குவதில்லை.

எந்த எரிச்சலானாலும் அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒருத்தருடைய பிழைப்பிலிருந்து வந்தால் பொறுத்துக்கொண்டு வழி தேடலாம். கவனக்குறைவிலிருந்து வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடலாம். தெரிந்தே விதியை மீறுவதிலிருந்து வந்தால் தயங்காமல் புகார் செய்யலாம். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறேன்.

பாதிச் சாலையை அடைத்து நெல் காயப்போடுகிறார்களே, வண்டி ஓட்டுகிறவர்கள் என்ன செய்வது?

புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடை முடியும்போதும், தை, மாசியில் சம்பா அறுவடையின்போதும் இந்தக் கேள்வி வந்துவிடும். முதலில் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போட்டுப் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால், ‘காயப்போட்டு எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லிவிடுவார்கள். மழை வருடங்களில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்துவதுண்டு. ஆனால் உத்தரவு வருவதற்குள் குவியலில் இருக்கும் நெல் முளைத்துவிட்டால் விவசாயிக்கு என்ன மிஞ்சும்? முன்பெல்லாம் அறுத்த அரியை வயலிலேயே காயவிட்டு, அப்புறம் கட்டுக் கட்டிக் களத்துக்குத் தூக்கி வருவார்கள். இப்போது இயந்திரம் அறுத்த கையோடு நெல்லைப் பிரித்து டிராக்டரில் கொட்டிவிடுகிறது. அவ்வளவு ஈரத்தோடு வரும் நெல்லைக் கொட்டிக் காயவைக்கக் களம் வேண்டும். பல ஊர்களில் களம் வீட்டுமனையாகிவிட்டது, இருக்கிற களத்திலும் சிமெண்ட் பெயர்ந்து கிடக்கிறது. வெயிலில் நன்றாகச் சூடேறும் இடம் தார்ச்சாலைதான். அதனால் சாலைக்கு வருகிறார்கள்.

சாலையில் காயும் நெல்லை ஒருமுறை நின்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வயதான அம்மா, முக்காடு போட்டுக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நெல்லுக்குள் நடந்துகொண்டிருப்பார். அந்தக் கால் போகிற வழியெல்லாம் வரி வரியாகப் பள்ளம் விழும். அடியில் இருக்கும் நெல் மேலே வருவதற்காக அப்படித் துழாவிவிடுகிறார். ஒரு நாளில் எத்தனையோ தடவை அதையே செய்ய வேண்டும். அவரைப் பார்த்து ஹாரன் அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் நெல்லைச் சுற்றி வைக்கிற கல் வேறு விஷயம். நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் கல்லும் முள்ளும் அங்கேயே கிடக்கும். இருட்டிய பிறகு இருசக்கர வண்டியில் வருகிறவர் அதில் ஏறி விழுகிறார். இது பிழைப்பு இல்லை, கவனக்குறைவு. நேரில் சொல்லலாம். ‘அண்ணே, கல்லுக்குப் பதிலா வைக்கோல் அடைச்ச சாக்கு வைங்க, ராத்திரி வெள்ளையாத் தெரியும்’ என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வளைவிலும் பாலத்து ஏற்றத்திலும் கொட்டியிருந்தால் ஊராட்சித் தலைவரிடம் சொல்லி இடம் மாற்றச் சொல்லுங்கள். களம் வேண்டும் என்று கிராம சபையில் மனு கொடுக்க விவசாயிகள் மட்டும் போகாமல், வண்டி ஓட்டுகிற நாமும் சேர்ந்து போக வேண்டும். அது நம் பிரச்சினையும்தான்.

அறுவடை நாளில் வீட்டுக்குள் தூசி வந்து உடம்பெல்லாம் அரிக்கிறது. என்ன செய்யலாம்?

அது சுணை. நெல் உமியிலும் தாளிலும் இருக்கும் நுண்ணிய முள். இயந்திரம் வயலில் ஓடும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீடுகளுக்குத்தான் அவதி. இயந்திரம் வாடகைக்கு வருவது, எப்போது வருகிறது என்பது வயல்காரர் கையில் இல்லை. ‘நாளைக்கு மிஷின் வருது’ என்று முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கொடியில் துணி போடாமல் இருக்கலாம், சன்னலைச் சாத்திக்கொள்ளலாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்குங்கள்.

உடம்பில் பட்டுவிட்டால் சொறியாதீர்கள், சுணை இன்னும் உள்ளே ஏறும். தேய்க்காமல் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, அப்புறம் சோப்புப் போட்டுக் குளித்து, கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். போட்டிருந்த துணியை மற்ற துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் விளக்கைப் போட்டாலே பூச்சி மொய்க்கிறது. சாப்பாட்டுத் தட்டில் விழுகிறது.

வயல் பச்சையாக நிற்கும் மாதங்கள் அவை. பச்சைத் தத்துப்பூச்சி, தண்டுதுளைப்பானின் அந்து, மழை விட்ட மாலையில் ஈசல் எல்லாமே வெளிச்சத்துக்குக் கிளம்பிவரும். வெள்ளையும் நீலமுமாக எரியும் விளக்குக்கு அதிகமாக வரும், மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவாக வரும். ஆகவே திண்ணையிலும் சமையலறையிலும் மஞ்சள் எல்.இ.டி. பல்பு மாட்டுங்கள். வீட்டுக்கு வெளியே, வாசலிலிருந்து தள்ளி, வெள்ளை விளக்கு ஒன்றை எரியவிட்டு அடியில் தண்ணீர் நிரப்பிய அகலப் பாத்திரம் வைத்தால் பாதிப் பூச்சி அதில் விழுந்துவிடும். வயலில் வைக்கிற விளக்குப் பொறியும் இதே முறைதான். இரவுச் சாப்பாட்டை விளக்கு வைப்பதற்கு முன்பே முடித்துவிடுகிற பாட்டிகள் சரியாகத்தான் செய்தார்கள்.

ஒரு பூச்சியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய எறும்பு போல ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறிப் பட்டையாக இருக்கும். வாலைத் தூக்கிக்கொண்டு வேகமாக ஓடும். கழுத்தில் ஊர்ந்தால் நம்மையறியாமல் அடித்து நசுக்கிவிடுவோம். அது கடிக்காது, கொட்டாது. நசுங்கும்போது அதன் உடம்பில் இருக்கும் நீர்தான் தோலைப் பொசுக்கும். உடனே தெரியாது, மறுநாள்தான் கோடு போட்ட மாதிரி சிவந்து கொப்புளம் கிளம்பும். பலரும் அக்கி வந்துவிட்டது என்று நினைத்துச் செம்மண் பூசுகிறார்கள், அது உதவாது. பூச்சி உடம்பில் ஏறினால் வாயால் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏறவிட்டு உதறுங்கள். நசுங்கிவிட்டால் அந்தக் கையால் கண்ணைத் தொடாமல் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் பட்டிருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். இத்தனைக்கும் இந்தப் பூச்சி வயலில் தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்கிற, விவசாயிக்கு வேண்டிய பூச்சி. மருந்தடித்துக் கொல்ல வேண்டியதில்லை.

கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று ஒலிபெருக்கி ஓய்வதே இல்லை. கேட்டால் ‘சாமி காரியம்’ என்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தெளிவாக இருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. எந்த நேரமானாலும் எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக இரவு 10லிருந்து 12 வரை நீட்டித்துக்கொள்ள மாநில அரசு அனுமதிக்கலாம். அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் கூடாது. சாமி காரியத்துக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் இதே விதிதான்.

விதி இருக்கிறது என்பதற்காக முதல் நாளே காவல் நிலையத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் திருவிழா நடத்துகிறவர்கள் யார்? நம்மிடமே வரி வாங்கிப்போன நாட்டாண்மையும், நம் பெரியப்பா பிள்ளைகளும்தான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்பே போய்ப் பேசுவது பலன் தரும். என்ன கேட்கிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ‘சத்தத்தைக் குறைங்க’ என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. ‘மாமா, எங்க தெரு பக்கம் திரும்பியிருக்கற குழாயை மட்டும் குளத்துப் பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்க, மேல்படிப்புக்குப் பிள்ளை படிக்குது’ என்றால் சவுண்ட் சர்வீஸ்காரர் ஏணியில் ஏறி ஐந்து நிமிடத்தில் திருப்பிவிடுவார். மின்கம்பத்துக்கு மின்கம்பம் கட்டுகிற கூம்புக் குழாய்களுக்குப் பதில், கோயில் வாசலோடு நிற்கிற பெட்டி ஒலிபெருக்கி வைக்கச் சொல்லலாம். கூம்பின் கூர்மையான சத்தம்தான் தூரத்து வீட்டுச் சுவரையும் துளைக்கிறது.

சாவு வீட்டில் ஒலிக்கும் பாட்டையும் பறையையும் பற்றிக் கேட்கிறார்கள். அதற்கு நான் வழி சொல்லப் போவதில்லை. ஒரு ராத்திரி பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசியும் கேட்கவில்லை, இரவு 10 தாண்டியும் ஓடுகிறது, வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கிறது என்றால் 100க்கோ 112க்கோ கூப்பிடுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. திருவிழாவை ரசித்தபடியே அந்தச் சத்தத்துக்கு வருந்துகிறவர்கள் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள், வாய் திறப்பவர்தான் இல்லை.

ரயில்வே கேட்டில் இரண்டு பக்கமும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கேட் திறந்தும் நகர முடியவில்லை.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பாதையை ஒட்டி வாழ்கிற எல்லோருக்கும் தெரிந்த காட்சி. கேட் மூடியதும் இடதுபுறம் ஒரு வரிசை நிற்கும். பின்னால் வருகிற பைக், ஆட்டோ எல்லாம் வலதுபுறம் ஏறிப்போய்க் கேட்டை முட்டிக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே. திறந்தவுடன் இரண்டு படையும் நேருக்கு நேர் நிற்கும். ரயில் போக ஆன நேரத்தைவிட நாம் பிரிந்து போக அதிக நேரம் ஆகிறது. இதற்கு ஒரே வழி, வரிசையில் நிற்கும் முதல் நான்கைந்து பேர் நகராமல் இடதுபுறமே நிற்பதும், வலதுபுறம் ஏறுகிற வண்டிக்காரரிடம் ‘தம்பி, பின்னால வாங்க’ என்று சொல்வதும்தான். பஸ் ஓட்டுநர் ஒருவர் இறங்கிச் சொன்னால் எல்லோரும் கேட்கிறார்கள்.

கேட் கீப்பரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. சிக்னலும் கேட்டும் பிணைந்த இடங்களில் கேட் மூடினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். திருவாரூர், காரைக்குடி அகலப்பாதையில் 2019இல் ரயில் விட ஆரம்பித்தபோது ஆள் போதாமல், ரயிலிலேயே வந்த ஊழியர் இறங்கிக் கேட்டை மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். சுமார் 150 கி.மீ. தூரத்துக்கு அப்படிப் போனால் பயணிகள் நிலை என்னவாகியிருக்கும்? ஒரு கேட்டில் ஆள் இருப்பதன் அருமை அந்தப் பாதைக்காரர்களுக்குத் தெரியும். மூடிய கேட்டைத் தூக்கித் திறந்தால் ரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்து ரூபாய் நாணயத்தைக் கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். செல்லுமா, செல்லாதா?

செல்லும். பத்துக் கீற்று, பதினைந்து கீற்று, ரூபாய்க் குறி இருப்பது, இல்லாதது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். வெவ்வேறு காலத்தில் வந்த 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. சந்தேகப்படுகிறவரிடம் 14440 என்ற எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள், அதே விளக்கத்தைப் பதிவுக் குரலில் சொல்வார்கள். ஐம்பது காசும் சட்டப்படி இன்னும் செல்லும். 25 காசு 2011 ஜூனோடு போய்விட்டது.

கடைக்காரர் பக்கமும் ஒன்று இருக்கிறது. அவர் வாங்கிவிடுவார், அவரிடமிருந்து வாடிக்கையாளர் வாங்க மாட்டார். டப்பா நிறைய நாணயம் சேர்ந்துவிடும். எனவே நீங்கள் கொடுக்க நினைத்தால் மீதிச் சில்லறையாக வருவதையும் வாங்கிக்கொள்ளுங்கள். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் மட்டும் ‘வேண்டாங்க, அடுத்த தடவை கணக்குல வச்சுக்குங்க’ என்று சொல்லிவிடலாம். கிழிந்த நோட்டை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றித் தர வேண்டும், அங்கே கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை.

காலையில் பில்டரில் டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது.

கும்பகோணம் பெயரைப் போட்டு நெடுஞ்சாலை முழுக்கக் காபிக் கடை இருக்கிறது, நம் வீட்டில் டிகாஷன் இறங்கவில்லை என்றால் கோபம் வராமல் இருக்குமா? பெரும்பாலும் காரணம் தூளில் இருக்கும். மாவு மாதிரி அரைத்த தூள் தண்ணீர் பட்டதும் களிமண்ணாக இறுகிவிடும். சிக்கரி கூடினாலும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்லத்தான் விடும். அரைக்கும் கடையில் ‘பில்டருக்கு, கொஞ்சம் கொரகொரப்பா’ என்று சொல்லி வாங்குங்கள்.

தூளைப் போட்டபின் குடைக்கம்பியால் அழுத்தி இறுக்காதீர்கள், லேசாகப் படியவைத்தால் போதும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், வெதுவெதுப்பாக ஊற்றினால் நின்றுவிடும். முதலில் தூள் நனைகிற அளவுக்குச் சுற்றி ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு மீதியை ஊற்றுங்கள். இதையெல்லாம் செய்தும் இறங்கவில்லை என்றால் மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பாதிக் கண் அடைத்திருக்கும். வெறும் பாத்திரத்தை, அடிப்பக்கம் தீயில் படும்படி சற்றுக் காட்டினால் உள்ளே ஒட்டிய தூள் கருகி உதிர்ந்துவிடும். அப்புறம் துடைத்துக் கழுவிக்கொள்ளலாம்.

போர் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, வேட்டி மஞ்சளாகிறது.

முதல் இரண்டுக்கும் காரணம் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகள். மூன்றாவதற்கு இரும்பு. கடலோரத்துக்குப் போகப் போக உப்பு ஏறுகிறது. வேதாரண்யம் பக்கத்தவர்களுக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாய் போட்டுக் கூட்டுக் குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது. பருப்பை மட்டும் குடிநீரில் வேகவையுங்கள், வெந்தபிறகுதான் புளி சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னால் சேர்ந்தால் நல்ல தண்ணீரிலும் பருப்பு விறைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டியை வாய்க்கால் தண்ணீரோ மழைத்தண்ணீரோ கிடைக்கிற நாளில் துவைத்துக்கொள்வதே மேல். இரும்புத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை இன்னும் ஏறிவிடும்.

மழைக்காலத்தில் கதவு சாத்த முடியவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறது.

கதவை அவசரப்பட்டு இழைக்காதீர்கள். கார்த்திகையில் இழைத்தால் பங்குனியில் விரல் போகிற அளவுக்கு இடுக்கு விழும். உரசும் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுத் தை வரை தாக்காட்டுங்கள். உப்பு கசிவதற்குக் காரணம் அதிலுள்ள மக்னீசிய உப்பு. கல்லுப்பை வெறும் வாணலியில் வறுத்து, ஆறியபின் மூடி இறுகும் ஜாடியில் போட்டு, கொஞ்சம் அரிசியையும் போட்டுவைத்தால் போதும்.

கரண்ட் போனால் யாரிடம் கேட்பது?

முதலில் அன்று மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று பாருங்கள். அது முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். இல்லையென்றால் 24 மணி நேரமும் இயங்கும் மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில், மின் இணைப்பு எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். லைன்மேனுக்குத் தனியாகப் போன் செய்வதுதான் நம் பழக்கம். அவர் மழையில் ஏதோ ஒரு வயல்வெளியில் மரம் விழுந்த கம்பியைச் சரிசெய்துகொண்டிருப்பார். இருபது பேர் கூப்பிட்டால் வேலைதான் நிற்கும். தெருவில் ஒருவர் பதிவு செய்து எண்ணை மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மாலையில் மட்டும் மின்னழுத்தம் குறைந்து மின்விசிறி சுற்றவில்லை என்றால் அது டிரான்ஸ்பார்மருக்குச் சுமை கூடியதாக இருக்கலாம், தெருவாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டு உதவிப் பொறியாளரிடம் மனு கொடுங்கள்.

சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு ரசீதுக்கு மேல் பணம் கொடுக்க வேண்டுமா?

சட்டப்படி வேண்டியதில்லை, ரசீதில் உள்ள தொகைதான். நீங்கள் மனமிரங்கிக் கொடுப்பது உங்கள் விருப்பம். மாடிக்குத் தூக்கி வருகிறவருக்கு நான் கொடுப்பதுண்டு. கேட்டு வாங்குவதும், கொடுக்காவிட்டால் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போவதும் தவறு. அதை ஏஜென்சியில் எழுதிக் கொடுங்கள்.

அதைவிட முக்கியமான இரண்டைப் பலர் பார்ப்பதே இல்லை. எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உருளையில் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்த்தால் வருகிற எடை இருக்க வேண்டும். கைப்பிடி வளையத்தின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் ஆண்டும் போட்டிருக்கும், உருளையை மறுபடி சோதிக்க வேண்டிய காலம் அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே. அந்தத் தேதி தாண்டிய உருளையை வாங்காதீர்கள். கேஸ் வாசனை வந்தால் 1906ஐக் கூப்பிடுங்கள்.

ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

நடவு, களையெடுப்பு, பாத்திரம் தேய்ப்பது என்று ஆயுசு முழுக்க உழைத்த விரல். ரேகை தேய்ந்துதான் போயிருக்கும். அந்த அம்மாவை வெயிலில் இரண்டாவது முறை வரவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதாரில் பத்து விரலும் பதிந்திருக்கின்றன, ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு வைத்தால் சில நேரம் விழுந்துவிடும். கருவிழி பார்க்கும் கருவி பல கடைகளில் வந்துவிட்டது, அதைக் கேளுங்கள். நடக்கவே முடியாதவர் என்றால் வேறொருவர் வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் படிவம் உண்டு. அதை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.

‘எப்பக் கல்யாணம்?’, ‘சம்பளம் எவ்வளவு?’, ‘இன்னும் விசேஷம் இல்லையா?’ இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது?

கேட்பவர்களில் இரண்டு வகை இருக்கிறார்கள். நம்மைத் தூக்கி வளர்த்த அத்தையும் ஆச்சியும் கேட்டால் அது அக்கறை, வேறு பேச்சு அவர்களுக்குத் தெரியாது. ‘ஆகும்போது முதல் பத்திரிகை உங்களுக்குத்தான் அத்தை’ என்று சொல்லி, அவர்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பேச்சு திரும்பிவிடும். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த யாரோ கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கில்லை. சிரித்துவிட்டு ரசம் கேட்கலாம்.

குழந்தை இல்லாதவர்களிடம் கேட்பதைப் பற்றி மட்டும் கேட்கிறவர்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது. சீமந்தத்துக்கும் வளைகாப்புக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிற பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், இந்த ஒரு கேள்விக்குப் பயந்து. தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் முன்னால் வேறொருவர் கேட்டால், ‘அதை விடுங்க பெரியம்மா, வாங்க சாப்பிடலாம்’ என்று நடுவில் புகுந்துவிடுங்கள். அந்தப் பெண் தானே பதில் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

பஸ்ஸில் போனைச் சத்தமாக வைத்து வீடியோ பார்க்கிறார்களே?

கவனக்குறைவுதான். ‘தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்குங்க’ என்றால் பத்தில் ஒன்பது பேர் குறைத்துவிடுகிறார்கள். பத்தாவது ஆள் என்றால் நடத்துநரிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர். இனிஷியல் முன்னால், பின்னால் என்று எங்கே போனாலும் தகராறு.

நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல், படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. ஒருவர் எழுத்தாக எழுதுகிறார், இன்னொருவர் முழுப் பெயராக விரித்துவிடுகிறார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே அடிப்படையாக வைத்து மற்றவற்றை மாற்றுங்கள், ஏனென்றால் அதை மாற்றுவதுதான் மிகக் கடினம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், அதனால் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டே ஒப்புதல் கொடுங்கள். பெயரே மாறுகிறது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குகிற அன்றே இதை முடிவு செய்துவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

எல்லோரும் வாய்க்காலில் குப்பை கொட்டுகிறார்கள். நான் ஒருத்தன் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் கல்லணை வந்து, அங்கிருந்து வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து நம் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் வர நாள் ஆகும். முதல் தண்ணீர் வருகிற அன்று மதகில் போய் நின்று பாருங்கள். தண்ணீருக்கு முன்னால் நுரையும், பிளாஸ்டிக் டம்ளரும், மாலை நாரும், பிள்ளைகளுக்குக் கட்டிவிடுகிற டயப்பரும் உருண்டு வரும். எல்லாம் மதகுக் கண்ணில் அடைத்துக்கொள்ளும். யாராவது ஒருவர் இடுப்பளவு இறங்கிக் கையால் இழுத்துப் போட வேண்டும். நாம் இங்கே போட்டது கடைமடைக்காரர் வயலில் போய்த் தங்கும், அவர் நாற்று அழுகும். இது எரிச்சல் என்ற அளவைத் தாண்டிவிட்டது, அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

கேட்டால் ஆகும். ஆனால் ‘ஏன் கொட்டுறீங்க’ என்று கேட்பதற்கு முன் அந்தத் தெருவுக்குத் தூய்மைக் காவலர் வருகிறாரா என்று பாருங்கள். வண்டி வராத தெருவில் குப்பை வாய்க்காலுக்குத்தான் போகும். ஊராட்சியில் வண்டி வரும் நேரத்தை எழுதிப் போடச் சொல்லுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கிற நேரமாக அது இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் தூர்வாரும்போது அள்ளிய சேற்றோடு பிளாஸ்டிக்கையும் கரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள், முதல் மழையில் அது மறுபடி உள்ளே சரியும். தூர்வாரும் நாளில் ஊரிலிருந்து நாலு பேர் நின்று பிளாஸ்டிக்கைத் தனியாகப் பொறுக்கி ஊராட்சி வண்டியில் ஏற்றிவிடுங்கள். மதகுக்கு முன்னால் மூங்கிலால் ஒரு தடுப்பு வைத்தால் மிதந்து வருவது அங்கேயே நின்றுவிடும். ஆனால் தண்ணீர் வரும் நாட்களில் தினமும் அதை வாரிவிட ஆள் வேண்டும், வாராமல் விட்டால் தண்ணீர் கரைமேல் ஏறிவிடும். முறை வைத்துக்கொண்டு வாருங்கள், தண்ணீருக்கு முறை வைத்துப் பழக்கப்பட்ட ஊர்தானே.